சின்னப் பாதத்துக்குக் கோடைச் செருப்பு

எண்ணைப் பார்த்து வாங்காதீர்கள். காலைப் பார்த்து வாங்குங்கள்

மார்ச் மாதம் பிறந்தால் போதும், புனே நகருக்குக் கிழக்கே வெயில் உறைக்கத் தொடங்கிவிடும். மேற்கு மலைத் தொடரைத் தாண்டி வரும் மேகங்கள் தங்கள் மழையில் பெரும் பகுதியை அந்தப் பக்கமே கொட்டிவிடுவதால் சிரூர் வட்டாரம் வறண்ட பூமி. புனேயிலிருந்து ஏறக்குறைய 50 கிலோமீட்டர் தொலைவில், அகமத்நகர் (இப்போது அகில்யாநகர்) செல்லும் சாலையில் இருக்கிறது ரஞ்சன்காவ். மகாகணபதி கோயிலால் பெயர் பெற்ற ஊர். அஷ்ட விநாயகர் தலங்கள் எட்டில் ஒன்று. பிற்காலத்தில் தொழிற்பேட்டையாலும் பெயர் பெற்றது. மோட்டார் கார், தொலைக்காட்சிப் பெட்டி, குளிர்பதனப் பெட்டி செய்யும் ஆலைகளைத் தேடிப் பல மாநிலத்தாரும் வந்து குடியேறியிருக்கிறார்கள். அவர்களில் நம்மவர்களும் உண்டு.

வந்தவர்களில் பலர் இளம் தம்பதிகள். தாத்தாவும் பாட்டியும் ஊரில். கைக்குழந்தை சுவரைப் பிடித்து எழுந்து, நாலு அடி வைத்ததும் முதல் செருப்பு வாங்க வேண்டியிருக்கிறது. வார விடுமுறை நாளில் கடைக்குப் போகிறார்கள். பளபளக்கும் சிவப்பு, அடி வைத்தால் விளக்கு எரியும் ஷூ, மிதித்தால் "கீச், கீச்" என்று கத்தும் ஷூ எல்லாம் கண்ணைப் பறிக்கின்றன. "என்ன வயசு?" என்று கடைக்காரர் கேட்கிறார், வயதுக்கு ஓர் எண் சொல்லி எடுத்துத் தருகிறார். போட்டுப் பார்த்தால் குழந்தை சிரிக்கிறது. வாங்கியாகிவிட்டது. மறுநாள் மாலை செருப்பைக் கழற்றினால் குதிகாலில் கொப்புளம்.

வண்ணத்தைப் பார்த்தோம், விலையைப் பார்த்தோம், எண்ணைப் பார்த்தோம். குழந்தையின் பாதத்தை யாராவது பார்த்தோமா?

கடி எப்படி உண்டாகிறது?

"செருப்பு கடிக்கிறது" என்பது நம் ஊர்ப் பேச்சு. மராத்தியரும் அப்படியே, "சப்பல் சாவ்தே" என்கிறார்கள். செருப்பு கடிக்கிறது என்றே இரண்டு மொழிகளிலும் பேசுகிறோம். உண்மையில் நடப்பது கடியல்ல, உராய்வு.

தோல் என்பது ஒரே படலமல்ல, அடுக்கடுக்கானது. வார் ஒரே இடத்தில் ஒட்டிக்கொண்டு, கால் உள்ளே முன்னும் பின்னும் நகரும்போது, மேல்தோல் ஒரு பக்கமும் அதற்குக் கீழே உள்ள எலும்பு மறுபக்கமும் இழுக்கப்படுகின்றன. நூறு தடவை, இருநூறு தடவை இப்படி நடந்தால் மேல்தோலின் அடுக்குகளுக்கிடையே பிளவு விழுகிறது. அந்த இடைவெளியில் நீர் கோத்துக்கொள்கிறது. அதுதான் கொப்புளம்.

இதற்கு மூன்று துணைவர்கள் உண்டு: அழுத்தம், அசைவு, ஈரம். செருப்பு இறுக்கமாக இருந்தால் அழுத்தம். தொளதொளவென்று இருந்தால் அசைவு. கோடையில் வியர்வை சேர்ந்தால் ஈரம். ஈரம் கோத்த தோல் உலர்ந்த தோலைவிட அதிகமாகப் பற்றிக்கொள்ளும். ஆகவே சீக்கிரம் பிளக்கும். மனிதனின் இரண்டு பாதங்களிலும் சேர்த்துச் சுமார் இரண்டரை லட்சம் வியர்வைச் சுரப்பிகள் இருக்கின்றன. குழந்தையின் சின்னப் பாதத்தில் அவை இன்னும் நெருக்கமாக இருக்கின்றன. ஜனவரியில் எந்தத் தொல்லையும் தராத ஷூ ஏப்ரலில் ஏன் கடிக்கிறது என்பதற்கு விடை இதுதான்.

பெரியவர் காலின் குட்டிப் பதிப்பல்ல

ஒரு வயதுக் குழந்தையின் பாதத்தைத் திருப்பிப் பாருங்கள். விரல்கள் இருக்கும் முன்பகுதி விசிறிபோல் அகன்றிருக்கும். குதிகால் ஒடுங்கியிருக்கும். உள்ளங்காலில் வளைவே தெரியாது. கொழுகொழுவென்று தட்டையாக இருக்கும். "தட்டைப் பாதமோ?" என்று அஞ்ச வேண்டாம். கொழுப்புத் திண்டு வளைவை மறைத்திருக்கிறது. பெரும்பாலான குழந்தைகளுக்கு ஐந்தாறு வயதுக்குள் வளைவு தானே தெளிந்துவரும்.

உள்ளே இருப்பது முழுவதும் எலும்பாகவும் ஆகிவிடவில்லை. பெரும் பகுதி இன்னும் குருத்தெலும்புதான். அது வளையும், அழுத்தினால் இடம் கொடுக்கும். இங்கேதான் ஆபத்து. நமக்கு ஷூ இறுக்கினால் உடனே வலிக்கிறது, கழற்றி எறிகிறோம். குழந்தையின் பாதமோ இறுக்கத்துக்கு ஏற்ப மடங்கிக்கொள்கிறது. போடும்போது அழவில்லை என்பதற்காகச் செருப்பு சரியாக இருக்கிறது என்று பொருளல்ல.

வளர்ச்சியின் வேகமும் நாம் எண்ணுவதைவிட அதிகம். பெண் குழந்தைக்கு ஒரு வயதில், ஆண் குழந்தைக்கு ஒன்றரை வயதில், பாதம் பிற்காலத்தில் அடையப்போகும் நீளத்தில் ஏறக்குறையப் பாதியை எட்டிவிடுகிறது! நடைபழகும் வயதில் மாதத்துக்கு ஒரு மில்லிமீட்டர், சில மாதங்களில் அதற்கு மேலும் நீளும். குடி பாட்வாவுக்கு வாங்கிய செருப்பு, மிருக நட்சத்திரம் பிறந்து மழை வரும்போது அதே குழந்தைக்குச் சிறியதாகியிருக்கும். போன கோடைச் செருப்பைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

எண் ஏன் ஏமாற்றுகிறது?

நம் கடைகளில் வழங்கும் செருப்பு எண்கள் பிரிட்டிஷ்காரர் விட்டுச் சென்றவை. அந்தக் கணக்கில் ஓர் எண்ணுக்கும் அடுத்த எண்ணுக்கும் வித்தியாசம் ஓர் அங்குலத்தில் மூன்றில் ஒரு பங்கு. அதாவது எட்டரை மில்லிமீட்டர். குழந்தைகளின் எண் 13 வரை போய், பிறகு மறுபடியும் 1 என்று தொடங்கும். ஐரோப்பிய எண் வேறு. அதில் ஒவ்வோர் எண்ணுக்கும் சுமார் 6.7 மில்லிமீட்டர். ஒரே அலமாரியில் ஒரு ஜோடியில் 5 என்றும் பக்கத்து ஜோடியில் 21 என்றும் எழுதியிருப்பது இதனால்தான்.

ஆனால் இதைவிட முக்கியமான விஷயம் வேறு. இந்த எண்கள் நீளத்தை மட்டுமே சொல்கின்றன. பாதத்தின் அகலத்தைப் பற்றி அவை மூச்சுவிடுவதில்லை.

இந்தியரின் பாதம் எப்படிப்பட்டது என்பதை அளந்து பார்க்கும் பெருமுயற்சி ஒன்று நம் சென்னையிலிருந்துதான் தொடங்கியது. அடையாற்றில் உள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் 1948-ல் நிறுவப்பட்டது. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைத் தோல் தொழிலுக்கெல்லாம் துணை நிற்கும் நிலையம் அது. 2021 டிசம்பர் முதல் 2022 மார்ச் வரை, நாட்டின் 79 இடங்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் பாதங்களை முப்பரிமாணக் கருவிகளால் அளந்தார்கள். கண்டது என்ன? இந்தியர்களின் பாதம் பொதுவாக ஐரோப்பியர், அமெரிக்கரின் பாதத்தைவிட அகலமானது. ஒடுங்கிய செருப்பில் அகலம் போதாததால் பலர் நீளத்தில் பெரிய எண்ணை வாங்கிக்கொள்கிறார்கள். அகலம் ஒருவாறு பொருந்தும். ஆனால் கால் உள்ளே முன்னும் பின்னும் வழுக்கும். விளைவு: செருப்புக் கடி.

இந்த ஆய்வின் பேரில் "ப" என்ற இந்திய அளவுமுறை ஒன்று பரிந்துரைக்கப்பட்டது. பாரதம் என்பதன் முதல் எழுத்து அது. அதில் எட்டுப் பிரிவுகள். கைக்குழந்தைக்கு ஒன்று, ஒன்று முதல் மூன்று வயது வரையுள்ள நடைபழகும் குழந்தைக்குத் தனியாக ஒன்று. நடைபழகும் பாதம் தனி ஜாதி என்பதை நிபுணர்களே ஏற்றுக்கொண்டதற்கு இது அடையாளம். கடைக்குப் போகும் தாய்க்கு இதில் உள்ள பாடம் எளியது. குழந்தைக்குச் செருப்பு இறுக்கினால் "ஒரு நம்பர் பெரிசு கொடுங்க" என்று கேட்பதோடு நிற்காதீர்கள், "அகலமாக இருக்கிறதா?" என்று கேளுங்கள். மராத்தியில் அகலம் என்பதற்கு "ருந்த்". மென்மை என்பதற்கு "மௌ". "ருந்த் பாஹிஜே, மௌ பாஹிஜே" என்றால் கடைக்காரருக்குப் புரிந்துவிடும்.

வீட்டிலேயே அளவெடுங்கள்

கடைக்குப் போவதற்கு முன் வேலையை வீட்டில் முடித்துக்கொள்வது நல்லது. ஒரு வெள்ளைத் தாளைத் தரையில் வையுங்கள். குழந்தையை அதன்மேல் நிற்க வையுங்கள். உட்கார்ந்த நிலையில் அளக்கக்கூடாது. உடலின் பாரம் இறங்கும்போதுதான் பாதம் முழுவதும் விரியும். மாலை நேரம் உகந்தது. பகல் முழுதும் ஓடியாடிய கால் சற்றே உப்பியிருக்கும். பென்சிலைச் செங்குத்தாகப் பிடித்துப் பாதத்தைச் சுற்றிக் கோடு இழுங்கள். இரண்டு கால்களையும் வரையுங்கள். பெரும்பாலோருக்கு ஒரு கால் மற்றதைவிடக் கொஞ்சம் பெரிதாகவே இருக்கும். பெரிய காலே கணக்கு.

குதிகாலின் பின்முனையிலிருந்து நீண்ட விரலின் நுனி வரை அளவெடுங்கள். சிலருக்குப் பெருவிரல் நீளம், சிலருக்கு அடுத்த விரல் நீளம். அதோடு ஒரு சென்டிமீட்டர் அல்லது சற்றுக் கூடுதலாகச் சேருங்கள். உங்கள் கட்டை விரலின் அகலம் என்று வைத்துக்கொள்ளலாம். நடக்கும்போது பாதம் முன்னே நீளவும் அடுத்த இரண்டு மூன்று மாத வளர்ச்சிக்கும் அந்த இடம் வேண்டும். அந்த நீளத்துக்கு ஓர் அட்டைத் துண்டை வெட்டிக் கடைக்கு எடுத்துச் செல்லுங்கள். செருப்புக்குள் அது மடங்காமல் படுக்க வேண்டும். வரைந்த பாதத்தின் உருவத்தையும் கத்தரித்து உள்ளே வைத்துப் பாருங்கள். விரல் பகுதியில் காகிதம் ஓரங்களில் மடிந்தால், எவ்வளவு அழகான செருப்பானாலும் அலமாரிக்கே திரும்பட்டும்.

"செருப்புக்காகக் காலைத் தறிக்கிறதா?" என்று நம் பெரியவர்கள் கேட்பார்கள். விரல்களை மடக்கிக்கொண்டு நடக்கும் குழந்தையின் விஷயத்தில் அதைத்தான் செய்கிறோம்.

கடையில் பார்க்க வேண்டியவை

முதலில் செருப்பைக் கையில் எடுத்து மடக்கிப் பாருங்கள். விரல்கள் மடியும் முன்பகுதியில் அது எளிதாக வளைய வேண்டும். நட்டநடுவில் ஒடிவதுபோல் மடிந்தாலோ, எங்கேயும் வளையாமல் பலகைபோல் நின்றாலோ வேண்டாம். கனமும் ஆகாது. நடைபழகும் குழந்தை தரையை உள்ளங்காலால் உணர்ந்து சமநிலை கற்கிறது. தடித்த சோல் அந்த உணர்வை மறைத்துவிடும்.

அடுத்து, உள்ளே விரலை விட்டுத் தடவுங்கள். தையல் முடிச்சு, பசைக் கட்டி, மழிக்கப்படாத ரப்பர் விளிம்பு எதுவும் உறுத்தக்கூடாது. உங்கள் விரலுக்குச் சொரசொரப்பாகத் தெரிவது குழந்தையின் தோலுக்கு அரம். விளக்கு எரியும் ஷூக்களில் மின்கலம் பதித்த குதிகால் பகுதி விறைப்பாக இருக்கிறதா என்று பாருங்கள். கீச்சிடும் ஷூவில் குழந்தை சத்தத்துக்காகவே காலை ஓங்கி மிதிக்கும். அதுவும் உராய்வைக் கூட்டும்.

நடைபழகும் வயதில் ஹவாய் செருப்பு ஆகாது. பின்னால் வார் இல்லாததால் அது கழன்று போகாமலிருக்கக் குழந்தை விரல்களால் பற்றிக்கொண்டே நடக்கும். விரலிடுக்கில் முதல் கொப்புளம் வந்துவிடும். குதிகாலைச் சுற்றி வார் உள்ள, முன்பக்கம் மூடிய, பக்கவாட்டில் காற்றுப் புகும் சாண்டல் இந்த வயதுக்கு ஏற்றது. கல் தடுக்கினால் பெருவிரலும் தப்பும். வாரை ஒட்டுப்பட்டையால் கூட்டிக் குறைக்க முடியுமானால் நல்லது. காலை இறுக்கமும் மாலை இறுக்கமும் ஒன்றல்லவே!

எந்தப் பொருளில் செய்தது என்பதும் முக்கியம். மெல்லிய தோலும் பருத்திக் கித்தானும் வியர்வையை ஓரளவு வெளியே விடும். கண்ணாடிபோல் மின்னும் பிளாஸ்டிக் செருப்பு விடாது; வெயிலில் சூடேறி விறைக்கவும் செய்யும். இந்தக் காலத்தில் எங்கும் கிடைக்கும் நுரைச் செருப்பு லேசானது, தண்ணீரில் கெடாது. ஆனால் உள்ளே வியர்வை தேங்கும். வணிக வளாகங்களிலும் ரயில் நிலையங்களிலும் உள்ள நகரும் படிக்கட்டில் இந்த மெத்தென்ற செருப்பின் ஓரம் சிக்கிக்கொண்டு குழந்தைகள் காயமடைந்ததுண்டு. அங்கே குழந்தையைத் தூக்கிக்கொள்வதே உத்தமம்.

மகாராஷ்டிரத்தில் வாழ்ந்துகொண்டு கோலாப்பூர்ச் செருப்பை மறக்க முடியுமா? 2019-ல் புவிசார் குறியீடு பெற்ற கைத்தொழில் அது. சின்னக் குழந்தைகளுக்கும் அழகழகாகச் செய்கிறார்கள். ஆனால் புதுத் தோல் விறைப்பானது. பெருவிரலைச் சுற்றும் வளையமும் குறுக்கு வாரும் முதல் நாளில் பெரியவரையே பதம் பார்க்கும். பண்டிகைக்கு அரைமணி போட்டுப் படம் எடுத்துக்கொள்ளலாம், அன்றாடத்துக்கு வேண்டாம். வாரின் உள்பக்கம் எண்ணெய் தடவி இரண்டு நாள் வைத்திருந்தால் தோல் சற்று இளகும்.

நம் வீட்டுக் குழந்தைகளிடம் இன்னொரு விஷயம் உண்டு: கொலுசு. கணுக்காலில் கொலுசோ, திருஷ்டிக்குக் கட்டிய கறுப்புக் கயிறோ இருக்கும். அதன்மேல் செருப்பின் வார் ஏறும். வெள்ளி முத்து வாருக்கும் தோலுக்கும் நடுவே அகப்பட்டு அரைக்கும். செருப்பின்மேல் பழிபோட்டு வேறு செருப்பு வாங்கினாலும் கடி தொடரும். செருப்புப் போடும் நேரத்தில் கொலுசைக் கழற்றிவிடுங்கள்; அல்லது கணுக்காலுக்குக் கீழே முடியும் செருப்பாகப் பாருங்கள்.

வேலூர் கற்றுத்தந்த பாடம்

வலியைச் சொல்லத் தெரியாத காலை எப்படிக் காப்பது? இந்தக் கேள்விக்கு வேலூரில் ஒருவர் பல ஆண்டுகள் விடை தேடினார். டாக்டர் பால் பிராண்ட் 1946-ல் வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தவர். தொழுநோயாளிகளின் கால்களில் புண் வருவதும் விரல்கள் தேய்வதும் அந்நோயினால் சதை தானே அழுகுவதால் என்று அப்போது பலரும் நம்பியிருந்தனர். அப்படியல்ல என்று அவர் காட்டினார். நோயினால் உணர்ச்சி மரத்துப்போகிறது, ஆணி குத்தினாலும் செருப்பு உரசினாலும் தெரிவதில்லை, தெரியாததால் அதே காலில் நடந்துகொண்டே இருக்கிறார்கள், புண் பெரிதாகிறது. வேலூரை அடுத்த கரிகிரியில் மென்மையான நுண்துளை ரப்பரால் அவர்களுக்கென்று செருப்பு செய்யும் முறை வளர்ந்தது. சர்க்கரை நோயாளிகளுக்கு இன்று டாக்டர்கள் எழுதிக்கொடுக்கும் எம்.சி.ஆர். செருப்பு அதே ரப்பரால் ஆனதுதான்.

குழந்தைக்கு உணர்ச்சி உண்டு, சொல்லத்தான் வாயில்லை. விளையாட்டு மும்முரத்தில் அழவும் மறந்துவிடும். ஆகவே அந்த நோயாளிகளுக்குக் கற்றுக்கொடுத்த பழக்கம் தாய்மார்களுக்கும் பொருந்தும்: தினம் ஒருமுறை பாதத்தைக் கண்ணால் பாருங்கள், கையால் தொடுங்கள். கொப்புளம் திடீரென்று முளைப்பதில்லை. அதற்கு முன் அந்த இடம் சிவக்கிறது. மற்ற இடத்தைவிடச் சூடாக இருக்கிறது. கறுத்த நிறக் குழந்தைக்குச் சிவப்பு அவ்வளவு தெரியாது; சூடு தெரியும்.

புதுச் செருப்பை முதல் நாள் வீட்டுக்குள் அரைமணி போட்டுவிட்டுக் கழற்றுங்கள். வார் பட்ட தடம் சில நிமிஷங்களில் மறைந்தால் நல்லது. இருபது நிமிஷம் கழிந்தும் மறையாவிட்டால் அந்த இடத்தில் அழுத்தம் அதிகம். வாரைத் தளர்த்துங்கள், இல்லையேல் மாற்றிவிடுங்கள். மறுநாள் ஒரு மணி, அதற்கடுத்த நாள் கொஞ்சம் கூட. கோடை விடுமுறையில் ஊருக்குப் புறப்படும் நாளன்று புதுச் செருப்பைத் திறந்து மாட்டிவிடுவது பல வீடுகளில் வழக்கம். சென்னை போய்ச் சேர்வதற்குள் கொப்புளம். பாட்டி வீட்டில் இருக்கும் பத்து நாளும் குழந்தை நொண்டும். பயணத்துக்குப் பழகிய செருப்பே துணை.

சாக்ஸ் போடுவதானால் மெல்லிய பருத்தியில், சுருக்கம் விழாத அளவில் இருக்கட்டும். நனைந்ததும் மாற்ற இன்னொரு ஜோடி கைப்பையில் இருக்கட்டும்.

கோயில் தரையும் வெறுங்காலும்

"நாங்களெல்லாம் செருப்பா போட்டு வளர்ந்தோம்?" என்று தாத்தா கேட்கிறார். அதில் நியாயம் உண்டு. மணிபாலின் எலும்பு மருத்துவர் பெஞ்சமின் ஜோசப்பும் அவருடைய சகா ஒருவரும் 4 முதல் 13 வயது வரையான 2,300 குழந்தைகளின் பாதச் சுவடுகளை எடுத்து ஆராய்ந்து, 1992-ல் வெளியிட்டார்கள். செருப்பு, ஷூ அணிந்து பழகியவர்களில் நூற்றுக்கு 8.6 பேருக்குத் தட்டைப் பாதம். வெறுங்காலில் வளர்ந்தவர்களில் 2.8 பேருக்குத்தான். மூடிய ஷூ அணிந்தவர்களிடம் அது அதிகம். சாண்டல், செருப்பு அணிந்தவர்களிடம் குறைவு. ஆகவே வீட்டுக்குள், மொட்டை மாடி நிழலில், சுத்தமான மணலில் குழந்தை வெறுங்காலோடு ஓடட்டும். பாதத்தின் தசைகளுக்கு அதைவிட நல்ல பயிற்சி கிடையாது. எந்நேரமும் ஷூ மாட்டிவைப்பது அந்தஸ்தும் அல்ல, ஆரோக்கியமும் அல்ல.

ஆனால் தெரு வேறு. கருவேல முள், கண்ணாடிச் சில்லு, ஆலைப் பகுதிச் சாலையோரத்தில் கிடக்கும் இரும்புத் துணுக்கு, மண் வழியே உள்ளங்காலில் ஏறும் கொக்கிப்புழு ஆகியவற்றுக்காக வெளியே செருப்பு வேண்டும். கோடையில் அவற்றோடு இன்னொன்றும் சேர்கிறது: சுடும் தரை.

ரஞ்சன்காவ் மகாகணபதியைத் தரிசிக்கப் போகிறவர்கள் வாசலில் செருப்பைக் கழற்றுகிறார்கள். பெரியவர்களின் உள்ளங்கால் தடித்தது, "ஸ்... ஸ்..." என்று நாலு எட்டில் நிழலுக்குப் போய்விடுவார்கள். கையைப் பிடித்துக்கொண்டு வரும் இரண்டு வயதுக் குழந்தையால் எட்டி நடக்க முடியாது. அதன் தோலும் மெல்லியது. 60 டிகிரி சூட்டில் உள்ள தண்ணீர் பட்டால் வளர்ந்தவரின் தோலே ஐந்து விநாடியில் வெந்துவிடும். சித்திரை, வைகாசி நடுப்பகலில் கறுத்த கல்லும் தார்ச்சாலையும் அந்தச் சூட்டை எட்டக்கூடியவை. பிறகு உள்ளங்காலில் எழும் கொப்புளம் செருப்புக் கடியல்ல, தீப்புண்.

சோதனை எளிது. உங்கள் புறங்கையைத் தரையில் வைத்து ஐந்து வரை எண்ணுங்கள். வைத்திருக்க முடியவில்லையானால் அந்தத் தரை குழந்தைக்கு ஆகாது, தூக்கிக்கொள்ளுங்கள். காலை வேளையிலோ, பொழுது சாய்ந்த பிறகோ தரிசனத்துக்குப் போனால் இந்தக் கவலையே இல்லை. வெயிலில் கழற்றி வைத்த செருப்பைத் திரும்ப மாட்டுவதற்கு முன்னும் உள்ளே கைவைத்துப் பாருங்கள். கறுப்பு ரப்பர் சோல் அரைமணியில் தோசைக்கல்லாகிவிடும்.

கொப்புளம் வந்துவிட்டால்

எத்தனை கவனித்தாலும் ஒருநாள் வந்துவிடலாம். பதற வேண்டாம். அந்தச் செருப்பை ஒதுக்கிவையுங்கள். காலைச் சோப்பும் தண்ணீரும் கொண்டு கழுவி, ஒற்றித் துடையுங்கள். கொப்புளத்தை ஊசியால் குத்தாதீர்கள். மேலே மூடியிருக்கும் தோல் இயற்கை போட்ட கட்டு. அதனடியில் புதுத் தோல் வளர்கிறது. மென்மையான துணிக்கட்டு ஒன்று தளர்வாகப் போட்டால் போதும். வீட்டில் இருக்கும்போது திறந்தே இருக்கலாம். தானே உடைந்துவிட்டால் தொங்கும் தோலைப் பிய்க்காமல், கழுவிச் சுத்தமாக மூடுங்கள். சில நாளில் ஆறிவிடும்.

சுடுதரையால் வந்தது என்றால் முதல் வேலை வேறு. ஓடும் குழாய்த் தண்ணீரில் இருபது நிமிஷம் காலைக் காட்டுங்கள். பனிக்கட்டி வைக்கக்கூடாது. பற்பசை, இங்க், காப்பித் தூள் எதுவும் அப்பக்கூடாது. கொப்புளம் எழுந்தால் டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.

உராய்வுக் கொப்புளமானாலும் சீழ் வைத்தால், சுற்றிலும் சிவப்புப் பரவினால், காய்ச்சல் வந்தால், குழந்தை அந்தக் காலை ஊன்ற மறுத்தால் தாமதிக்கக்கூடாது. மற்றொன்றும் நினைவிருக்கட்டும். வார் படாத இடங்களில், உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் சின்னச் சின்னக் கொப்புளங்கள், வாயில் புண், கூடவே காய்ச்சல் என்றால் அது செருப்பின் குற்றமல்ல. "கை, கால், வாய் நோய்" என்று டாக்டர்கள் சொல்லும் தொற்றுநோயாக இருக்கலாம்; ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளிடம் அதிகம் காணப்படுவது. பெரும்பாலும் தானே தணியும் என்றாலும், மற்றக் குழந்தைகளிடமிருந்து விலக்கி வைத்து டாக்டரைப் பாருங்கள்.

சிக்கனமும் வேண்டும்

"இரண்டு மாதத்துக்கு ஒரு செருப்பா? கட்டுப்படியாகுமா?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. இதனால்தான் பலர் இரண்டு எண் பெரிதாக வாங்கி முன்னால் பஞ்சு அடைக்கிறார்கள். அது சிக்கனமல்ல. கால் வழுக்கி, குதிகால் தேய்ந்து, குழந்தை தடுக்கி விழும். செருப்பும் சரியான அளவுக்கு வருமுன் கிழிந்துவிடும். அண்ணன் செருப்பைத் தம்பிக்குப் போடுவதிலும் எச்சரிக்கை வேண்டும். அதன் உள்தட்டில் அண்ணன் பாதத்தின் பள்ளம் விழுந்திருக்கும். சோல் ஒரு பக்கம் தேய்ந்திருக்கும். நாலு தடவை மட்டுமே போட்ட பண்டிகைச் செருப்பானால் கொடுக்கலாம், தேய்ந்ததானால் வேண்டாம்.

ஒரு நேரத்தில் மூன்று ஜோடி வாங்கி அடுக்குவதை விட்டு, விலை மிதமான ஒரு நல்ல ஜோடி மட்டும் வாங்குங்கள். வெளியே போகும்போது மட்டும் அது, வீட்டுக்குள் வெறுங்கால். அப்படிச் செய்தால் செலவு ஒன்றும் கூடாது. பெயர்பெற்ற கம்பெனியின் பொருள்தான் வேண்டும் என்பதும் இல்லை. வளையும் சோல், அகன்ற முன்பகுதி, பிடிப்பான பின்வார், உறுத்தாத உள்பக்கம் ஆகிய நான்கும் உள்ள செருப்பு லட்சுமி சாலைப் பெரிய கடையில் இருந்தாலும் ஒன்றே, சிரூர்க் கடைத்தெருவில் இருந்தாலும் ஒன்றே.

வரைந்த பாதத் தாளைத் தூக்கி எறியாதீர்கள். அதன் மூலையில் தேதியைக் குறித்து, அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டிவையுங்கள். ஆறு வாரத்துக்கு ஒருமுறை அதே தாளின்மேல் குழந்தையை நிற்கவைத்துப் பாருங்கள். விரல் கோட்டைத் தாண்டி நீண்டு, செருப்பின் முன்னால் விட்ட இடம் குறைந்துவிட்டால் புதுச் செருப்புக்கு நேரம் வந்துவிட்டது. அதுவரை இருக்கும் செருப்பே போதும்.